இது பில் அல்ல

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இன்னும் நாற்பத்தாறு மணி நேரம் இருபது நிமிடம் இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குச் சொன்னவன் மைலோ பெல்கார்ட்.

"பத்து மணிக்கு என்ன?" என்று கேட்டார் மார்கிட் ஹோல்ம்.

"வக்கீல் ஆஃபீஸ்ல கையெழுத்து," என்றார் எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி. "போட்டுட்டா என் வீடு, என் பேங்க், என் டாக்டர் எல்லாம் என் அக்கா பொறுப்பு. நான் சும்மா உட்கார்ந்திருக்கலாம்."

"எனக்கு அப்படி ஒரு அக்கா இருந்தா இன்னைக்கே போட்டுடுவேன்," என்றான் மைலோ. "காஸ் பில்லையும் சேர்த்து."

அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து, அவன் தோளுக்குப் பின்னால் இருந்த காலண்டரைப் பார்த்தார். பெயர் வெர்னா கிவெலா. வயது அறுபத்தெட்டு. முப்பத்தொரு வருஷம் டுலூத் நகரத்துப் பள்ளிப் பேருந்துகளை ரேடியோவில் மேய்த்தவர். பனிப்புயலில் எந்தப் பேருந்து எந்த மேட்டில் நிற்கிறது என்று வரைபடம் பார்க்காமல் சொல்வாராம்.

"என் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். மார்ச் மாசம் ஒரு படிவத்தை நான் தபால்ல போட்டேனா, இல்லையா? போட்டிருந்தா என் மூளை சரியா இருக்கு. போடலைன்னா கையெழுத்தைப் போட்டுட்டு மூலையில உட்கார்ந்துக்கறேன்."

மைலோ குறிப்பேட்டை மூடினான். மீன்பிடிக் கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்த ஆஃபீஸுக்குக் காணாமல் போன கணவர்களைத் தேடி வருவார்கள், படகுகளைத் தேடி வருவார்கள். தன் மூளையைத் தேடி யாரும் வந்ததில்லை.

மார்கிட் மட்டும் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் துப்பறிய வருவதற்கு முன் இருபது வருஷம் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்தவர். படிவம் என்ற சொல்லைக் கேட்டால் அவர் முகத்தில் ஒரு பசி தெரியும்.

"என்ன படிவம்?"

"மெடிகேர் பிரீமியம் மாசா மாசம் பேங்க்ல இருந்து தானா போற மாதிரி எழுதிக் கொடுப்போம்ல, அது."

வெர்னா எழுபது வயது வரை ஓய்வுத்தொகையைத் தொடுவதில்லை என்று வைத்திருந்தார். தள்ளிப் போட்டால் கூடுதலாக வரும். அதனால் மெடிகேர் என்ற அந்த அரசு முதியோர் மருத்துவக் காப்பீட்டின் பிரீமியம் அதில் கழியாது, அவரேதான் கட்ட வேண்டும். மூன்று வருஷமாக இருபதாம் தேதி வந்தால் பேங்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தது. பிப்ரவரியில் அவருடைய பேங்க் இன்னொரு பேங்கோடு சேர்ந்தது, கணக்கு எண் மாறியது. புது எண்ணைக் கொடுக்கத்தான் அந்தப் படிவம்.

"உறையில போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி, வாசல்ல இருக்கிற தபால் பெட்டியில வச்சு, எடுத்துட்டுப் போகச் சொல்ற சிவப்புக் கொடியை நானே தூக்கி விட்டேன். தபால்காரர் வண்டி வந்து நின்ன சத்தம்கூட ஞாபகம் இருக்கு. ஆனா போன மாசம் டாக்டர் ஆஃபீஸ்ல, உங்க மெடிகேர் நின்னு போச்சு, பிரீமியம் கட்டலைன்னு சொல்லிட்டாங்க. படிவம் போகவே இல்லைங்கறா என் அக்கா."

"அக்கா எப்படிப்பட்டவங்க?"

"நல்லவ," என்றார் வெர்னா. "கிளம்பலாமா? வீட்டுல கடிதம் எல்லாம் ஒரு பெட்டியில இருக்கு."

"உங்க கார் பின்னாடி வரட்டும்," என்றான் மைலோ.

"பஸ்ல வந்தேன். கார்ல பேட்டரி செத்துக் கிடக்கு."

"எப்பத்துல இருந்து?"

"ரொம்ப நாளா."

கார் இழுக்கும் வண்டி ஓட்டிப் பிழைத்தவன் மைலோ. செத்த பேட்டரியை ரொம்ப நாள் சும்மா விடும் மனிதர்களை அவனால் புரிந்துகொள்ள முடிந்ததில்லை.

*

நகரத்தின் கிழக்குக் கோடியில், ஏரிக் காற்று நேராக வந்து மோதும் இடத்தில் இருந்தது வீடு. வாசலில் தபால் பெட்டி, அதன் பக்கவாட்டில் சிவப்புக் கொடி. மைலோ கொடியை ஒரு முறை தூக்கி இறக்கிப் பார்த்தான். நன்றாக வேலை செய்தது.

"வேற என்ன எதிர்பார்த்தே? அது வாக்குமூலம் கொடுக்குமா?" என்றார் மார்கிட்.

"பூட்டு இல்லை பாஸ். போறவன் வர்றவன் யார் வேணா கைய விடலாம்."

தாழ்வாரத்தில், வீட்டு விற்பனைப் பலகை ஒன்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சாய்ந்து கிடந்தது. கதவைத் திறந்தவர் ஆர்லிஸ். அக்கா. எழுபத்தொன்று. உயரம், வெள்ளை முடி, கையில் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த எலுமிச்சை பார் என்ற இனிப்புத் துண்டுகள் அடுக்கிய தட்டு.

"போலீஸா?" என்றார்.

"அவ்வளவு சம்பளம் எங்களுக்குக் கிடையாது," என்றான் மைலோ.

"அப்ப உள்ள வா. சம்பளம் இல்லாதவங்களுக்குத்தான் என் வீட்டுல ரெண்டு துண்டு."

மைலோவுக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. ஐந்து வருஷத்துக்கு முன் விவாகரத்தாகி, இரண்டு வாரம் தங்கிப் போகிறேன் என்று தங்கை வீட்டுக்கு வந்தவராம். "அந்த ரெண்டு வாரம் இன்னும் முடியலை," என்று அவரே சொல்லிச் சிரித்தார். வெர்னாவுக்குக் காபி ஊற்றி, கோப்பையின் கைப்பிடி அவர் விரல்படும்படி திருப்பி வைத்தார். தங்கைமேல் எவ்வளவு அக்கறை என்று மைலோ நினைத்துக்கொண்டான்.

வெர்னா ஒரு பூட்ஸ் பெட்டியை மேஜையில் வைத்தார். மெடிகேரிலிருந்து வந்த கடிதம் எல்லாம் அதில். ஒவ்வோர் உறையும் ஒரே மாதிரி கத்தியால் நேராகக் கிழிக்கப்பட்டிருந்தது. பெரும்பாலானவை மைலோவுக்குத் தெரிந்தவைதான். எந்த டாக்டரிடம் எப்போது போனீர்கள், மெடிகேர் எவ்வளவு கொடுத்தது என்று எழுதி, மேலே கொட்டை எழுத்தில் 'இது பில் அல்ல' என்று போட்டு அனுப்புவது. அவனுடைய மாமா அதை வைத்துத்தான் குளிர்காலம் முழுக்க அடுப்பு பற்ற வைப்பார். மார்கிட் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒரு வரி விடாமல் படிக்க ஆரம்பித்தார்.

"பாஸ், அது யாரும் படிக்கிறது இல்லை."

"அதனாலதான் படிக்கிறேன்."

மைலோ அடியில் கைவிட்டான். மூன்று கடிதம் வேறு மாதிரி இருந்தன. ஒன்றை உரக்கப் படித்தான். "பிரீமியம் செலுத்த வேண்டிய அறிவிப்பு." அடுத்தது, "இரண்டாம் அறிவிப்பு." மூன்றாவதில் 'கடைசி' என்று இருந்தது. "மூணுமே பில்தான்ங்க."

வெர்னாவின் கை கோப்பையில் நின்றது.

"இல்லை. அதுல இது பில் இல்லைன்னு போட்டிருந்துச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

மைலோ காகிதத்தைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் காலி. பாரில் ஒரு கடி கடித்தான்.

ஆர்லிஸ் தங்கையின் பின்னால் வந்து நின்று தோளில் கை வைத்தார். "விடு வெர்ன். யாருக்குத்தான் மறதி இல்லை?" பிறகு மார்கிட்டைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "இவ வசந்தத்துல வீட்டை வித்துட்டு டூசான் போறதாத்தான் இருந்தா. வெயில் ஊர், தனியா ஒரு சின்ன வீடு. இப்ப எப்படி அனுப்பறது? மார்ச்ல எழுதின படிவம் ஏப்ரல்ல இதே மேஜைமேல கிடந்துச்சு. நான் என் கண்ணால பார்த்தேன். அப்புறம் பழைய பேப்பரோட போயிடுச்சு. இவளைக் கேட்டா, போட்டேன், கொடியைத் தூக்கினேங்கறா."

வெர்னா கோப்பையை மேஜையில் தள்ளி வைத்தார்.

மார்கிட் கையிலிருந்த கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்தார். "படிவம் எங்க வாங்கினீங்க?"

"நூலகத்துல. வெண்டல்கிட்ட."

*

காரை நூலக வாசலில் நிறுத்தியபோது வெர்னா இறங்க மறுத்தார். "நீங்க கேளுங்க. எனக்குக் கேட்க வேண்டாம்."

உள்ளே படியேறும்போது மைலோ சொன்னான். "பாஸ், சொல்லிடறேன். அவங்க மூளை கழண்டு போச்சு. பில்லைப் பில் இல்லைங்கறாங்க. பாவமாத்தான் இருக்கு. ஆனா ஆர்லிஸ் மாதிரி ஒருத்தர் கூட இருக்காங்களே, அது அதிர்ஷ்டம்."

"எத்தனை பார் சாப்பிட்டே?"

"நாலு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை."

வெண்டல் ஸ்ட்ரோம் பள்ளியில் தச்சுவேலை சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். புதன்கிழமைகளில் நூலக மேஜை ஒன்றில் உட்கார்ந்து, வருகிற முதியவர்களுக்குப் படிவம் நிரப்பித் தருவார். மேஜையில் அவர் பெயர் போட்ட ரப்பர் ஸ்டாம்ப், மூன்று நிறப் பேனா, ஒரு கிண்ணம் மிட்டாய். வெர்னாவின் பெயரைச் சொன்னதும் கழுத்துப் பட்டையைச் சரி செய்துகொண்டார்.

"நல்லாத் தெரியும். எல்லாரும் என்னை நிரப்பச் சொல்லுவாங்க. அவங்க மட்டும் வீட்டுக்குக் கொண்டு போய் நிரப்பிக்கிறேன்னாங்க. ஆனா இங்கயே முழுசாப் படிச்சுக் காட்டச் சொன்னாங்க. ரெண்டு தரம்."

"ரெண்டு தரமா? எதுக்கு?"

வெண்டலின் காது சிவந்தது. "என் குரல் நல்லா இருக்குன்னாங்க."

மைலோ வாயைப் பொத்திக்கொண்டான். மார்கிட் சிரிக்கவில்லை. வெற்றுப் படிவம் ஒன்றைக் கேட்டு வாங்கினார். ஒரு பக்கம்தான். பெயர், மெடிகேர் எண், பேங்க் எண், கையெழுத்து. உச்சியில் மூன்று சின்னக் கட்டம். தொடங்க. மாற்ற. நிறுத்த. எது வேண்டுமோ அதில் ஒரு குறி.

"மூணுக்கும் ஒரே படிவமா?" என்றார் மார்கிட்.

"ஒரே படிவம்தான். வெர்னாவுக்கு ரெண்டாவது கட்டம். மாற்ற. தெளிவாச் சொல்லி அனுப்பினேன்." பிறகு, போகிற போக்கில் கேட்பதுபோல், "அவங்க நல்லா இருக்காங்களா?" என்றார்.

"உங்க குரலை விசாரிச்சாங்க," என்றான் மைலோ.

வெளியே வரும்போது மார்கிட் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒரு தூணில் இடிக்காமல் மைலோதான் இழுத்தான்.

"ரெண்டு தரம் படிக்கச் சொல்லியிருக்காங்க," என்றார்.

"காதல் பாஸ். உங்களுக்குப் புரியாது."

"ம்."

*

காரிலிருந்தே மெடிகேருக்கு அழைத்தார்கள். பின் இருக்கையில் வெர்னா போனைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார், ஒலிபெருக்கியில் ஒரே பியானோ மெட்டு முப்பத்தெட்டு நிமிடம் சுற்றிச் சுற்றி வந்தது. இருபதாவது நிமிடத்தில் மைலோ அதற்கு வரிகள் கட்டிப் பாட ஆரம்பித்தான். இருபத்தைந்தில் மார்கிட் அவனை இறக்கிவிடப் போவதாகச் சொன்னார்.

பிறகு ஒரு பெண் குரல். வெர்னா தன் எண்ணைப் பார்க்காமலே, எழுத்தும் எண்ணுமாகப் பதினொன்றையும் கடகடவென்று ஒப்பித்தார். பிறந்த தேதி சொன்னார். பிறகு கேட்டார்.

"நான் மார்ச்ல ஒரு படிவம் அனுப்பினேனா?"

விசைப்பலகைச் சத்தம்.

"ஆமாம், மேடம். மார்ச் ஒன்பதாம் தேதி எங்களுக்கு வந்திருக்கு. உங்க கையெழுத்தோட."

மைலோ திரும்பிப் பின்னால் பார்த்தான். இந்தச் செய்திக்கு அந்த முகம் மலர்ந்திருக்க வேண்டும். மூளை சரியாக இருக்கிறது, இதைத்தானே தேடி வந்தார். வெர்னாவோ யாரோ கன்னத்தில் அறைந்தது போல உட்கார்ந்திருந்தார்.

"வந்ததா," என்றார். "நிச்சயமா?"

"நகல் என் எதிர்ல இருக்கு, மேடம். தானாகப் பிடிக்கிறதை நிறுத்தச் சொல்லிக் குறி போட்டிருக்கீங்க. அதன்படி நிறுத்தினோம். அப்புறம் மூணு பில் அனுப்பியிருக்கோம். வர்ற திங்கட்கிழமைக்குள்ள பாக்கியைக் கட்டிட்டா காப்பீடு மறுபடி தொடரும்."

மார்கிட் போனை வாங்கி, கட்டும் முறையை எழுதிக்கொண்டு நன்றி சொல்லி வைத்தார்.

"சரி," என்றான் மைலோ. "போட்டது உண்மை. ஆனா தப்பான கட்டத்துல குறி. அது யாருக்கும் நடக்கும். நான் கல்யாண லைசென்ஸ்லயே தப்பாக் குறி போட்டவன்."

"எனக்கு ஒரு காபி வேணும்," என்றார் வெர்னா.

*

கால்வாய்க்குப் பக்கத்தில் இருந்த சின்ன உணவகத்தில் மதியக் கூட்டம் கலைந்திருந்தது. பணிப்பெண் மூன்று மெனுவை வைத்தாள். வெர்னா தன்னுடையதைத் தொடவில்லை. "இன்னைக்கு என்ன பை இருக்கோ அது," என்றார். இனிப்பு அடைத்துச் சுட்ட அந்தப் பையில் ஆப்பிள், புளிப்புத் தண்டான ருபார்ப் என்று இரண்டு வகை இருந்தன. ருபார்ப் என்றார்.

மார்கிட் எதுவும் சாப்பிடவில்லை. வெர்னா முள்கரண்டியைக் கீழே வைக்கும்வரை காத்திருந்து, ஒரு துண்டுக் காகிதத்தை மேஜைமேல் நகர்த்தினார்.

"உங்க பெட்டியில இருந்து ஒண்ணு எடுத்துட்டு வந்தேன். மெடிகேர் அனுப்பினது. இதுல மேல என்ன போட்டிருக்கு, சொல்லுங்க."

வெர்னா காகிதத்தைக் கையில் எடுத்தார். தலையைச் சாய்த்து, தேவையான அளவு நேரம் பார்த்தார்.

"இது பில் இல்லைன்னு போட்டிருக்கு."

மைலோ எட்டிப் பார்த்தான். மூன்று காபி, ஒரு ருபார்ப் பை. வரி தனி. கீழே பணிப்பெண் பேனாவால் ஒரு சிரிக்கும் முகம் வரைந்திருந்தாள்.

அவன் வாயில் ஒரு வேடிக்கைப் பேச்சு தயாராக இருந்தது. அதை விழுங்கினான்.

"இந்தக் கடையோட பில் இது," என்றார் மார்கிட், அடிக் குரலில்.

வெர்னா காகிதத்தை மேஜையில் வைத்து, விரலால் நேராக்கினார். அவமானம் அவர் கழுத்திலிருந்து மேலேறியது.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"யாரும் படிக்காத கடிதத்தைப் படிச்சேன். ஆறு வாரத்துக்கு ஒரு தரம் கண் டாக்டர். ரெண்டு வருஷமா. ரெண்டு கண்ணுலயும் ஊசி. வெண்டல் ரெண்டு தரம் படிக்கணும். கார்ல பேட்டரி செத்துப் போகணும். மைலோவைப் பார்க்கணும்னா அவன் தோளுக்குப் பின்னாடி பார்க்கணும்."

"நடுவுல மட்டும் போயிடுச்சு," என்றார் வெர்னா. "ஓரம் தெரியும். கதவு தெரியும், ஜன்னல் தெரியும், நீங்க போட்டிருக்கிற சிவப்பு ஸ்வெட்டர் தெரியும். முகம் தெரியாது. எழுத்துத் தெரியாது. எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன்."

"இதை ஏன் எங்ககிட்ட சொல்லலை?" என்றான் மைலோ. கோபமாக வந்தது. மதியம் முழுவதும் அவரைப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தது அவனுக்கு உறைத்தது. "அந்தப் படிவத்துல குறி போட்டது நீங்க இல்லையே அப்ப."

"கையெழுத்து மட்டும் நான். அக்கா என் விரலைப் பிடிச்சு இடத்துல வச்சு, இங்கன்னு சொன்னா. போட்டேன். மாத்துங்கற கட்டத்துல டிக் போட்டுட்டேன் வெர்ன்னு சொன்னா. பேனா சத்தம் கேட்டுச்சு." அவர் கோப்பையைத் தேடிப் பிடித்தார், குடிக்கவில்லை. "அப்புறம் வந்த கடிதம் ஒவ்வொண்ணும் அவதான் படிச்சா. இது பில் இல்லை, பெட்டியில போட்டுடறேன்னு. மெடிகேர் நின்னப்புறம் கேட்டா, பில்னு தெளிவாச் சொன்னேனே, கட்டறேன்னு நீதானே சொன்னே, மறந்துட்டியாங்கறா. படிவமும் போகலைங்கறா. ஒரு தரம் இல்லை, தினம் சொல்றா. தினம் கேட்டா நமக்கே சந்தேகம் வந்துடும், தம்பி."

"அதனாலதான் அந்த ஒரு கேள்வி," என்றார் மார்கிட்.

"அதை மட்டும்தான் வெளியாள் யாராவது பார்த்துச் சொல்ல முடியும். மத்த எல்லாம் அவ பேச்சு, என் பேச்சு. படிவம் போகலைன்னு நீங்க சொல்லியிருந்தா நான் நிம்மதியாப் போயிருப்பேன். என் மூளை போச்சு, என் அக்கா இருக்கான்னு." அவர் நிறுத்தினார். "அதைத்தான் வேண்டிக்கிட்டு வந்தேன்."

மைலோ மேஜையைப் பார்த்தான். கோப்பையின் கைப்பிடியை விரலுக்குத் திருப்பி வைத்த அந்தக் கை. அக்கறை என்று நினைத்தானே.

"நீங்க டூசான் போயிட்டா அவங்களுக்கு வீடு இல்லை," என்றார் மார்கிட்.

"கேட்டிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பேன்."

"ஊசி?"

"காப்பீடு நின்னதும் ஊசியும் நின்னுடுச்சு. போன வாரம் போட்டிருக்கணும். போடலைன்னா ஓரமும் போகும்னு டாக்டர் சொன்னப்ப அவ பக்கத்துல உட்கார்ந்திருந்தா. அவதான் ஒவ்வொரு தரமும் தன் கார்ல கூட்டிட்டுப் போவா."

மார்கிட் தன் போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். "பாக்கியை இப்பவே கட்டிடலாம். பேங்க்கைக் கூப்பிடுங்க, எண்ணை நான் அழுத்தறேன். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட வேண்டாம். ஆனா ஒண்ணு எனக்குப் புரியலை, வெர்னா. டாக்டரையும் உங்க அக்காவையும் தவிர யாருக்கும் தெரியாது. வெண்டலுக்குத் தெரியாது, பேங்க்குக்குத் தெரியாது, எங்ககிட்டகூட மறைச்சீங்க. ஒருத்தர்கிட்ட சொல்லியிருந்தாக்கூட இது நடந்திருக்காது. யாருக்காக இவ்வளவு மறைச்சீங்க?"

வெர்னா ஜன்னல் பக்கம் திரும்பினார். கால்வாயில் ஒரு சரக்குக் கப்பல் நுழைந்துகொண்டிருந்தது. அதன் முன்பக்கமும் பின்பக்கமும் அவருக்குத் தெரிந்திருக்கும், நடு மட்டும் இருக்காது. கப்பல் கடந்து போனது. பேசியபோது குரல் ரேடியோவில் பேருந்து எண் சொல்வதுபோல் சமமாக இருந்தது.

"கண்ணு போனதை முதல்ல அவகிட்டதான் சொன்னேன். யார்கிட்டயும் மூச்சு விடாதே, தெரிஞ்சா உன் வீட்டை, உன் காரை, எல்லாத்தையும் உன்கிட்ட இருந்து பிடுங்கிடுவாங்கன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே ஆர்லிஸ்தான்."